இன்ஜினை இறக்குவதற்கு முன்னால்: பழைய ஜிப்ஸிக்கு இழுவை கூட்ட நினைப்பவர்களுக்கு

"பிக்கப்பே இல்ல பாய். இன்ஜினைப் பிரிச்சு போர் பண்ணி ஏத்திடலாமா?"

பல வருடங்களுக்கு முன் சென்னைப் புதுப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் நான் கேட்ட கேள்வி. போர் பண்ணுவது என்றால் பிஸ்டன் ஓடும் சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது. பாய் பதில் சொல்லவில்லை. வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரைத் தரை வரை மிதித்தார், என்னைப் பானெட்டுக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னார். இன்ஜினுக்குக் காற்று விடும் கதவான த்ராட்டில் முக்கால்வாசிதான் திறந்திருந்தது. கால்மிதியடி பெடலுக்கு அடியில் மடிந்து கிடந்தது. அதை உருவிப் பின்சீட்டில் எறிந்துவிட்டு, "இப்ப ஓட்டிப் பாரு தம்பி" என்றார்.

அன்றைக்கு இன்ஜின் தப்பித்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி வேளச்சேரியில் தண்ணீரில் நின்றபோது தப்பிக்கவில்லை. அதன்பிறகு முழு இன்ஜின் வேலை இரண்டு முறை பார்த்தாயிற்று, இரண்டாவது முறை என் சொந்த அவசரத்தால். முதல்முறை ஒரு பழைய ஆஃப்ரோடு வண்டியின் இன்ஜினைப் பிரிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு மாருதி ஜிப்ஸியை எடுத்துக்கொள்கிறேன். எனக்குக் கை பழகியது அதில்தான்.

எது உங்கள் இன்ஜின்?

1985-ல் வந்த முதல் ஜிப்ஸியில் இருந்தது 970 சிசி இன்ஜின். 1996-ல் ஜிப்ஸி கிங் வந்தபோது 1298 சிசி, கார்புரேட்டர், சுமார் 60 குதிரைத்திறன். 2000-ல் அதே 1298 சிசி-க்கு 16 வால்வும் எம்பிஎஃப்ஐ-யும் (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வந்து 80 குதிரைத்திறன் ஆயிற்று. இப்போது சந்தையில் சுற்றும் வண்டிகளில் எது எதில் உட்கார்ந்திருக்கிறது என்பதை வெளியே ஒட்டியிருக்கும் எழுத்தை வைத்து நம்பாதீர்கள். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டியில் வேறு வண்டியின் இன்ஜின், பாடி ஒரு வருடம், கியர்பாக்ஸ் ஒரு வருடம் என்று கலவையாக இருக்கும். பிளாக்கில் பொறித்த எண்ணைத் துணியால் துடைத்துப் படித்து, ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்பாருங்கள். எண் மாறியிருந்தால் முதல் வேலை ஆர்டிஓ அலுவலகத்தில், பட்டறையில் இல்லை.

போர் பண்ணினால் பவர் கூடுமா?

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, டீக்கடை வரை பரவியிருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1298 சிசி இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 74 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 75.5 மி.மீ. நாலு சிலிண்டருக்கும் சேர்த்தால் கிட்டத்தட்ட 1299 சிசி. கூடுதல் அளவு பிஸ்டனில் (ஓவர்சைஸ்) கடைசியான 0.50 மி.மீ. வரை ரீபோர் செய்தால் விட்டம் 74.5, கொள்ளளவு 1316 சிசி. கூடியது 17 சிசி. இருமல் மருந்து மூடியில் ஊற்றினால் இரண்டு மூடிகூட வராது. நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லாத இந்த உயர்வை ஓட்டுபவரின் கால் உணராது.

ரீபோர் செய்வது தேய்ந்த சிலிண்டரை மறுபடி வட்டமாக்கத்தான். 80 குதிரையில் பிறந்த இன்ஜின் இருபது வருடத்தில் பிஸ்டன் ரிங் தேய்ந்து, வால்வு சரியாக உட்காராமல், டைமிங் பிசகிக் கணிசமாக இழந்திருக்கும். நல்ல ஓவரால் (முழுதாகப் பிரித்துச் செய்யும் இன்ஜின் வேலை) அந்த இழந்ததை மீட்டுத் தரும். அதற்கு மேலே கூட்டுவது என்பது சின்னச் சின்னதாகச் சேர்ப்பது. "20 குதிரை ஏத்தித் தரேன்" என்று யாராவது சொன்னால் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பிரிக்கும் முன் மூன்று சோதனை

முதல் சோதனை என் கதைதான். ஒருவரை மிதிக்கச் சொல்லி, த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அப்படியே ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் பார்த்துவிடலாம். சக்கரத்தை ஜாக்கில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். பிரேக் உரசிக்கொண்டே இருந்தால் இன்ஜின் என்ன செய்யும் பாவம். நாலாவது கியரில் ஏற்றத்தில் மிதிக்கும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

இரண்டாவது கம்ப்ரஷன் சோதனை, சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்ப்பது. இதற்கான கேஜ் ஜிபி ரோட்டில் கிடைக்கும், சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு நாலு பிளக்கையும் கழற்றுங்கள். பெட்ரோல் பம்ப், இக்னிஷன் இரண்டின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று செல்ஃப் அடியுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலாவது சிலிண்டர் வரும்போது முள் பொய் சொல்லும். நல்ல இன்ஜினில் சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ, அதாவது கேஜில் 200 பிஎஸ்ஐ-க்குப் பக்கம் வரும். 170-க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 14 பிஎஸ்ஐ-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ வேலை இருக்கிறது.

குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி அடியுங்கள். முள் குதித்து ஏறினால் கோளாறு ரிங்கில் அல்லது போரில். அசையாமல் அதே இடத்தில் நின்றால் வால்வில். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவே ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலான தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம். இந்த அரைமணி நேர வேலையைச் செய்யாமல் முழு இன்ஜினை இறக்கி, கடைசியில் ஹெட் வேலை மட்டும் போதுமாக இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, புகை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் நீலமாக வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். மிதிக்கும்போதெல்லாம் நீலம் என்றால் ரிங். வெள்ளையாகத் தொடர்ந்து வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் அல்லது வெடித்த ஹெட்.

டயர் தின்ற பவர்

ஆஃப்ரோடு வண்டிக்காரர்கள் பலரும் தவறவிடுவது இதைத்தான். ஜிப்ஸி கிங்குக்குக் கம்பெனி கொடுத்தது 205/70 ஆர்15 டயர், உயரம் சுமார் 668 மி.மீ. எல்லாரும் ஆசைப்பட்டுப் போடுவது 235/75 ஆர்15, சுமார் 733 மி.மீ. பத்து சதவீதம் உயரம் கூடியது. அப்படியென்றால் தரையில் சக்கரம் தள்ளும் விசை கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் குறைந்தது, டயரின் எடை வேறு. 31 இன்ச் டயர் போட்டால் இழப்பு பதினைந்து சதவீதத்துக்குப் பக்கம். இரண்டு மாதம் உழைத்து இன்ஜினில் கூட்டியதை டயர் ஒரே நாளில் தின்றுவிடும்.

ஆகவே பெரிய டயர் வேண்டும் என்றால் கிரவுன்-பினியன் (ஆக்ஸிலில் இருக்கும் பல்சக்கர ஜோடி) விகிதத்தை அதற்கேற்ப மாற்றுவதற்கான செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நாலு சக்கர இழுவையைப் போட்டால் முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கதறும். ஜவ்வாது மலையில் கல்லும் மண்ணுமான ஏற்றத்தில் வண்டி நிற்பது பெரும்பாலும் குதிரைத்திறன் போதாமல் இல்லை, கியர் பொருந்தாமல்.

1.6 லிட்டர் இன்ஜின் மாற்றலாமா?

கேட்காமல் விடமாட்டீர்கள். பழைய பலேனோவின் 1590 சிசி இன்ஜின் இதே குடும்பம். ஸ்ட்ரோக் 90 மி.மீ. என்பதால் கீழ் ஆர்பிஎம்மில் நல்ல இழுவை. மாற்றியவர்கள் பலர் உண்டு, ஓட்டிப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவுப்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இன்ஜின் எண்ணைத்தான். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டி ஆய்வாளர் முன் நின்றாக வேண்டும். நான் அந்தப் பக்கம் போகவில்லை. உள்ளே இருக்கிற இன்ஜினை ஒழுங்காகச் செய்வது பற்றித்தான் இனி.

சென்னையில் எங்கே என்ன

புது ஸ்பேர், கேஸ்கெட் செட், பேரிங், பிஸ்டன் எல்லாம் ஜிபி ரோடு. பழைய பிளாக், ஹெட், கிராங்க் வேண்டுமென்றால் புதுப்பேட்டை. நுணுக்கமான லேத் வேலைக்கு அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் விசாரியுங்கள்.

புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஊரில் 2015-ல் ஒரு வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தண்ணீர் குடித்த இன்ஜின்கள் கழுவித் துடைக்கப்பட்டு வரிசையில் உட்கார்ந்திருக்கும். பிளக் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலிண்டர் சுவரில் வளையமாக ஒரு துருக் கோடு தெரிந்தால் அங்கேதான் தண்ணீர் நின்றது. வாட்டர் பம்ப் வாயில் விரலை விட்டுத் தடவினால் வண்டல் மண் ஒட்டும். தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்ற இன்ஜின் என்றால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். தண்ணீரைப் பிஸ்டன் அமுக்க முடியாது, ராடுதான் வளையும். ஹெட்டைத் திறக்க விட்டால், நாலு பிஸ்டனும் மேலே வரும்போது ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதைத் தொடாதீர்கள்.

இறக்குவதும் பிரிப்பதும்

பேட்டரி, பானெட், ரேடியேட்டர், ஒயரிங், பெட்ரோல் குழாய், சைலன்சர் என்று ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் செல்போனில் ஒரு படம், ஒயருக்கு ஒரு மாஸ்கிங் டேப், அதில் ஒரு எண். மூன்று வாரம் கழித்து அந்தச் சின்னக் கறுப்பு குழாய் எங்கே போகும் என்று நினைவிருக்காது. பெட்ரோல் குழாயைக் கழற்றும் முன் அழுத்தத்தை இறக்குங்கள், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். தூக்குவதற்கு நல்ல செயின் பிளாக்கும் இரும்புச் சட்டமும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வேப்பமரக் கிளையில் கட்டித் தூக்கும் காலம் போய்விட்டது, போகாத இடங்களில் கால்விரல்தான் போகிறது.

கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வளர்ந்த வண்டி என்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட்டுகள் உப்புக்காற்றில் வெந்து போயிருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி வைத்து, மறுநாள் கால் சுற்று கழற்று, கால் சுற்று இறுக்கு என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். 'கிறீச்' என்று கேட்டால் வருகிறது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் ஸ்பானர் இளகினால் உடைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஹெட் போல்ட்டுகளை வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். சிலிண்டர் சுவரின் இரும்பு உறை தவிர இது அலுமினிய இன்ஜின், ஒரே பக்கமாகத் தளர்த்தினால் ஹெட் முறுக்கிக்கொள்ளும். கழற்றிய வால்வு, ஸ்பிரிங், ராக்கர் எல்லாம் வந்த வரிசை மாறாமல் வைக்க முட்டைக்கடை அட்டையை மிஞ்சிய சாமான் கிடையாது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு எண் எழுதிவிடுங்கள். ராடு மூடிகளை ஒன்றுக்கொன்று மாற்றவே கூடாது. எந்த ராடு எந்த மூடியோடு, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று பிரிக்கும் முன்பே குறியிடுங்கள்.

சிலிண்டரின் மேல்விளிம்பில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். ரிங் எட்டாத மேல் பகுதி தேயாமல் அப்படியே நிற்க, கீழே தேய்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு படி. நகம் அதில் தட்டி நின்றால், கேஜ் வருவதற்கு முன்பே பதில் தெரிந்துவிட்டது.

லேத்: பணத்தை இங்கே போடுங்கள்

என் இரண்டாவது இன்ஜின் வேலைக்குக் காரணம் இங்கே நடந்த ஒரு தவறு. வெள்ளத்துக்குப் பிறகு எல்லாப் பட்டறையிலும் வரிசை. பிஸ்டன் இன்னும் கைக்கு வரவில்லை, "0.50 தானே, நாங்க அடிச்சு வச்சிடறோம்" என்றார்கள், நானும் பிளாக்கைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஓடவிட்டு நூறு கிலோமீட்டர் ஆகவில்லை. ஜிஎஸ்டி ரோட்டில் சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி, யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல வண்டி கனத்தது, பிறகு நின்றது. பிரித்தால் இரண்டாவது பிஸ்டனின் ஸ்கர்ட் முழுக்கக் கீறல். இடைவெளி 0.01 மி.மீ. தான் இருந்தது. சூட்டில் விரிய இடமில்லாமல் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. லேத்காரரைத் திட்டிப் பயனில்லை, பிஸ்டன் இல்லாமல் பிளாக்கைக் கொடுத்தது நான்.

அதனால் வரிசை இதுதான். முதலில் பிளாக்கை அளக்கவேண்டும். போர் டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் மூன்று இடத்தில், நெடுக்கும் குறுக்குமாக ஆறு அளவு. மொத்தம் இருபத்து நாலு எண்ணையும் நீங்களே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வட்டம் கெட்டதோ கூம்பானதோ 0.10 மி.மீ.-ஐத் தாண்டினால் ரீபோர். தாண்டவில்லை என்றால் ஹோனிங்கும் (கல்லால் சுவரை மெல்லத் தேய்ப்பது) புது ரிங்கும் போதும். பிறகு 0.25-ஆ 0.50-ஆ என்று முடிவு செய்யுங்கள். 0.25-ல் தேய்மானம் மறைந்துவிடும் என்றால் அதோடு நில்லுங்கள், அடுத்த முறைக்கு ஒரு வாய்ப்பு மிச்சம். அதன்பிறகு பிஸ்டன் வாங்கி, நாலையும் கையோடு எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லி, அதனதன் அளவுக்கு அதனதன் சிலிண்டரைக் கடையச் சொல்லுங்கள். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி 0.02 முதல் 0.04 மி.மீ. ஒரு தலைமுடியின் பாதிகூட இல்லை, அதற்குள்தான் எல்லாம்.

கடைசி நூல் அளவை ஹோனிங்கில்தான் எடுக்கவேண்டும். சுவரில் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் முடைந்தது போன்ற கோடு தெரியவேண்டும், அந்தக் கோட்டில்தான் ஆயில் நிற்கும். கண்ணாடி மாதிரி பளபளத்தால் ரிங் உட்காராது.

கிராங்கை அளந்து, தேவையென்றால் 0.25 கடைந்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் வாங்குங்கள். இங்கே பவர் கிடைக்காது, ஆயுள் கிடைக்கும். பவருக்கும் மென்மைக்கும் சேர்த்துக் கிடைக்கும் மலிவான வேலை ஒன்று உண்டு, எடை பார்ப்பது. நகை எடைபோடும் சின்னத் தராசு ஒன்று வாங்கி நாலு பிஸ்டனையும் நாலு ராடையும் நிறுத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று இரண்டு கிராமுக்குள் வரும்படி, கனமானதில் லேத்காரரைவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். கிராங்க், ஃப்ளைவீல், பிரஷர் பிளேட் மூன்றையும் சேர்த்து பேலன்ஸ் செய்யும் இடம் கிடைத்தால் அதையும் செய்துவிடுங்கள். மேல் ஆர்பிஎம்மில் ஸ்டியரிங் நடுக்கம் பாதி அங்கேயே போய்விடும்.

பிளாக் திரும்பி வந்ததும் கழுவுவது உங்கள் வேலை. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் வேண்டாம், ஹோனிங் தூள் கோட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சுடுதண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பிரஷ். பழைய வெள்ளை வேட்டித் துணியால் சுவரைத் துடைத்தால் சாம்பல் கறை வராத வரை கழுவிக்கொண்டே இருங்கள். எனக்கு ஆறு முறை ஆனது. துடைத்த கையோடு ஆயில் தடவிவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில், டீ குடித்துவிட்டு வருவதற்குள் சுவரில் செம்மஞ்சள் படர்ந்துவிடும்.

ஹெட்: பவர் இருக்கும் இடம்

காற்று உள்ளே வந்து வெளியே போவது இங்கேதான், ஆகவே கூட்ட முடிவதில் பெரும்பகுதியும் இங்கேதான். முதலில் பிரஷர் டெஸ்ட், வெடிப்பு இருக்கிறதா என்று. பிறகு ஸ்ட்ரெயிட் எட்ஜை வைத்துக் குறுக்கே ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.05 மி.மீ.-க்கு மேல் வளைந்திருந்தால் ஃபேஸ் செய்யவேண்டும், அதாவது அடிமுகத்தைச் சீவிச் சமமாக்கவேண்டும்.

ஃபேஸ் செய்வதிலேயே கம்ப்ரஷன் ஏறும் என்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு? கம்ப்ரஷன் விகிதம் 9 என்று வைத்துக்கொண்டால், 0.3 மி.மீ. எடுத்தால் அதிகபட்சம் 9.3-க்குப் பக்கம் போகும். பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலுக்கும் சென்னை மே மாத வெயிலுக்கும் இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஏற்றத்தில் இன்ஜினுக்குள் மணி அடிக்கும் சத்தம் கேட்டால் அது பிஸ்டன் உடைவதற்கான முன்னறிவிப்பு. இன்னொன்று, ஹெட் தாழ்ந்தால் கேம் டைமிங்கும் (வால்வுகள் திறக்கும் நேரம்) ஒரு துளி பின்தங்கும்.

வால்வு சீட்டை மூன்று கோணத்தில் வெட்டித் தரச் சொல்லுங்கள், கூடுதல் கூலி கேட்பார்கள், கொடுங்கள். புது கைடு, புது சீல், லேப்பிங். உட்கார்ந்ததும் காற்று வந்து போகும் வழியான போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள், கசியக்கூடாது. போர்ட்டுக்குள் வார்ப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைத் தேய்த்துவிட்டு, கேஸ்கெட் ஓட்டையும் போர்ட் வாயும் ஒன்றாக நிற்கும்படி செய்தால் போதும். போர்ட்டைப் பெரிதாகக் குடைய வேண்டாம். ஓட்டை பெரிதானால் கீழ் ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் குறைந்து, பாறை ஏறும் வண்டிக்கு எங்கே இழுவை வேண்டுமோ அங்கே குறையும். ரேஸ் கேம்ஷாஃப்ட்டும் இதே காரணத்தால் வேண்டாம். 6000 ஆர்பிஎம்மில் பறக்கிற இன்ஜின் ஏலகிரிக் கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் முக்கும்.

பூட்டுவது

ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள், போனை அணைத்து வையுங்கள். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு ஆரம்பிக்கலாம். டார்க் (போல்ட்டை இறுக்கும் முறுக்கு) அளவுகள் எல்லாம் உங்கள் இன்ஜினுக்கான கம்பெனி கையேட்டிலிருந்து. கார்புரேட்டர் இன்ஜினுக்கும் 16 வால்வுக்கும் அளவு ஒன்றல்ல, மெக்கானிக்கின் கைக்கணக்கும் வேண்டாம்.

பேரிங் இடைவெளியைப் பிளாஸ்டிகேஜ் வைத்துப் பார்ப்பதை யாரும் இங்கே செய்வதில்லை, செய்யுங்கள். மெழுகு நூல் மாதிரி ஒரு துண்டு. காய்ந்த கிராங்க் ஜர்னல் மேல் நெடுக்காக வைத்து, மூடியைப் போட்டு முழு டார்க்குக்கு இறுக்குங்கள். கிராங்கைச் சுற்றாமல் மூடியைக் கழற்றுங்கள். நூல் நசுங்கித் தட்டையாகியிருக்கும். அதன் அகலத்தை உறையில் அச்சிட்ட கோட்டோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடும். 0.02 முதல் 0.04 வரை வந்தால் நிம்மதியாக ஆயில் தடவிப் பூட்டலாம்.

ரிங்கைப் பிஸ்டனில் மாட்டும் முன் வெறும் ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். மேல் ரிங்குக்கு 0.2-லிருந்து 0.3 மி.மீ. எழுத்து இருக்கும் பக்கம் மேலே. வாய்கள் ஒரே நேரில் வரக்கூடாது. ஒவ்வொரு பிஸ்டன் பூட்டியதும் கிராங்கைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். சுற்று கடினமானால் காரணம் கடைசியாகப் பூட்டியதில்தான், அங்கேயே நிறுத்திப் பாருங்கள்.

டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் புதிது. பெல்ட் மாட்டியதும் ஸ்பானரால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேராக வருகிறதா என்று பார்க்காமல் செல்ஃபைத் தொடாதீர்கள்.

இன்ஜின் உள்ளே போவதற்கு முன் பெட்ரோல் ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20. பழைய ரப்பர் அதில் ஊறி இளகும். கார்புரேட்டர் வண்டியில் அதே ஜெட்டில் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) கலவை மெலிந்துபோகும் என்பதால் ஜெட்டிங்கையும் பார்க்கவேண்டும். மெலிந்த கலவை சூட்டைக் கூட்டும், பிக்கப்பைக் குறைக்கும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், நம் போர் தண்ணீரில் இருக்கிற உப்பு உள்ளே சுண்ணாம்பாகப் படியும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதி. ரேடியேட்டர் கோரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், பழைய தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வையுங்கள். "மெட்ராஸ் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார்" என்று எடுத்துவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது, அதைக் கேட்காதீர்கள்.

முதல் ஸ்டார்ட், முதல் ஆயிரம்

மினரல் ஆயில், புது ஃபில்டர். பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் பம்ப், இக்னிஷன் இணைப்பை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை செல்ஃப் அடியுங்கள். பத்து நொடி அடித்து நிறுத்தி, மறுபடி. விளக்கு அணைந்தால் பேரிங்குக்கு ஆயில் போய்விட்டது. அப்புறம் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்சம் புகையும் தீய்ந்த வாசனையும் வரும், பூட்டும்போது தடவிய எண்ணெய்தான். கசிவு இருக்கிறதா, சூட்டு முள் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரம் ஓட விடுவது தவறு. சும்மா ஓடினால் ரிங் உட்காராது, சுமை வேண்டும்.

விடிகாலை ஐந்து மணிக்கு வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்குப் போய்விடுங்கள், 62 கிலோமீட்டர், அந்த நேரத்தில் லாரிகள் மட்டும்தான். மூன்றாவது கியரிலும் நாலாவதிலும் பாதி த்ராட்டில் கொடுத்து வேகம் ஏற்றுங்கள், காலை எடுத்து இன்ஜினாலேயே வேகம் குறையவிடுங்கள், மறுபடி ஏற்றுங்கள். ஒரே வேகத்தில் போகாதீர்கள், உச்சத்துக்கும் மிதிக்காதீர்கள். திரும்பி வந்ததும் ஆயிலை மாற்றுங்கள். அதில் மினுக்கும் தூளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், முதல் ஆயிலில் வரும். பழைய ஃபில்டரை அறுத்து மடிப்பைப் பிரித்துப் பாருங்கள், நகத்தால் பொறுக்கி எடுக்கிற அளவுக்குத் துண்டு இருந்தால்தான் கவலை. பிறகு 500-ல் ஒருமுறை, 1000-ல் ஒருமுறை மாற்றம். சேறும் மலையும் 1000-க்குப் பிறகு.

1000 ஆனதும் கம்ப்ரஷன் கேஜை மறுபடி எடுங்கள். என் வண்டியில் பிரிப்பதற்கு முன் 140, 150, 110, 145. இரண்டாவது வேலைக்குப் பிறகு 195, 200, 195, 195. இரண்டு வரிசையையும் தேதியோடு பானெட்டின் உள்பக்கம் பெயின்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். ஆயில் மாற்ற வரும் பையன்கள், ஏதோ லாட்டரி நம்பர் என்று நினைத்துக் கேட்பார்கள்.